நிலவறையில் ஒரு நீராடும் அறை

ஒரு புதுவீட்டுக்கு விருந்தினராகச் செல்கிறோம். முகப்பைப் பார்த்து மகிழ்கிறோம். கூடத்தின் அகலத்தைப் புகழ்கிறோம். உரிமையுள்ள சிலர் சமையலறை வரை சென்று அடுப்பங்கரையையும் பார்த்து வருகின்றனர். குளியலறைக் கதவைத் திறந்து பார்த்து, "அருமையாக அமைத்திருக்கிறீர்கள்" என்று பாராட்டியவர் எவரையும் நான் இதுகாறும் கண்டதில்லை. ஆனால் அவ்வீட்டில் அன்றாடம் வாழும் தாய்மாரைக் கேட்டுப் பாருங்கள். வீட்டின் நிறைகுறைகளில் பாதியை அந்தச் சிற்றறையை வைத்தே சொல்லிவிடுவார்கள். ஆகவே இந்த ஞாயிறு அந்த அறையைப் பற்றியே பேசுவோம்.

இதற்கு வாய்ப்பளித்தது கொட்டகலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கடிதம். எழுதியவரின் வீடு பெருந்தெருவின் ஓரத்தில், பள்ளத்தை நோக்கிச் சரியும் நிலத்தில் நிற்கிறது. தெருவிலிருந்து நேரே கூடத்துக்குள் நுழையலாம். கூடத்துக்குக் கீழே, சரிவைத் தாங்கிய கருங்கற் சுவர்களுக்கிடையில், ஒரு கீழ்த்தட்டு இருக்கிறது. அதில் இரண்டு அறைகள். பள்ளத்தைப் பார்த்த வெளிச்சமான அறையில் அவருடைய தாயார் உறங்குகிறார். மலையைப் பார்த்த இருட்டறையில் விறகும் உருளைக்கிழங்கு மூடைகளும் கிடக்கின்றன. மலசலகூடமும் குளிக்கும் இடமும் வீட்டுக்கு வெளியே, இருபத்தைந்து படிகளுக்கு அப்பால். தாயாருக்கு வயது எழுபத்தெட்டு, முழங்கால் வாதம். மழைக்கால இரவுகளில் அந்தப் படிகளில் அவரைக் கைப்பிடித்து இறக்கி ஏற்றுவது பெரும்பாடாக இருக்கிறது.

"இருட்டறையைத் துப்புரவாக்கி அங்கே ஒரு குளியலறை கட்டலாம் என்று எண்ணுகிறேன். மேசன் பாஸைக் கேட்டேன். 'தண்ணி பள்ளத்துக்குத்தான் ஓடும் ஐயா, அதுக்கு யாரு வழி சொல்லித் தரணும்?' என்றார். அயல் வீட்டு அண்ணனைக் கேட்டேன். 'பள்ளத்துல நம்ம வீடு மட்டுமா இருக்கு தம்பி?' என்றார். யார் சொல்வது சரி?" என்று அன்பர் கேட்கிறார்.

இருவர் சொல்வதும் சரியே. மேசன் பாஸ் இயற்கையின் விதியைச் சொல்கிறார். அயலவர் அந்த விதியின் மறுபக்கத்தைச் சொல்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் மலைநாட்டில் குளியலறை கட்டும் கலை விளங்கும். அதற்கு முன், நம் மலையகத்தில் குளிக்கும் இடம் வீட்டை விட்டு இத்தனை தொலைவில் நிற்க நேர்ந்தது ஏன் என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்பது பயன் தரும்.

கோப்பிக் காலத்திலும், 1867 இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதைத் தொடர்ந்து வந்த தேயிலைக் காலத்திலும், தொழிலாளர் வாழ்வதற்கென்று எழுந்தவை லயங்களே. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஒரு காம்பரா. அதன் முன்னே ஒரு சிறிய இஸ்தோப்பு. ஒரு குடும்பத்துக்கு அவ்வளவுதான். முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டப்பட்ட இரட்டை லயங்களில் பின்வாசலும் இல்லை; பின்சன்னலும் இல்லை. உறங்குவதற்கு இடம் அளந்து கொடுத்தவர்கள் நீராடுவதற்கு இடம் அளக்கவில்லை. மனிதன் உழைக்க வேண்டும், உழைத்தபின் உறங்க வேண்டும் என்பதோடு அவர்களுடைய கணக்கு முடிந்துவிட்டது போலும்! நீராடலுக்குப் பீலி இருந்தது. மற்றவற்றுக்குத் தேயிலைச் செடிகளின் மறைவு இருந்தது.

பீலியின் அழகைப் பாடாதார் இல்லை. பாறையிடுக்கிலிருந்து வரும் ஊற்றுநீர் மூங்கிலின் வழியாகவோ இரும்புக் குழாயின் வழியாகவோ ஓயாது விழுந்துகொண்டிருக்கும். ஊர்க்கதைகள் அனைத்தும் அங்கேதான் அரங்கேறும். ஆனால் அதே பீலியில், பாவாடையை மார்புவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு, வழியே போவோர் வருவோரின் கண்களுக்கிடையில் குளித்த நம் தாய்மாரின் கூச்சத்தைப் பற்றி எவரும் பாடவில்லை. விடியுமுன் எழுந்து இருளிலேயே குளித்துவிட்டு, ஈரக்கூந்தலோடு பிரட்டுக்கு ஓடிய தலைமுறைகள் பல. பின்னாளில் இஸ்தோப்பின் மூலையில் நான்கு கம்புகளை நட்டு, உரச்சாக்கைக் கிழித்துக் கட்டி, ஒரு மறைப்பை உண்டாக்கிக்கொண்டனர் சிலர். மலையகத்தின் முதல் குளியலறைகள் அவைதாம். அவற்றைக் கட்டிய பொறியியலாளர்கள் நம் பெண்களே.

சில ஆண்டுகளுக்கு முன், வகுப்பு மாணவர்களுக்குக் கட்டுரைத் தலைப்பு ஒன்று கொடுத்தேன்: "என் வீட்டில் நான் காண விரும்பும் மாற்றம்." தொலைக்காட்சி, கணினி, படிக்கும் மேசை என்று பலரும் பலவாறு எழுதியிருந்தார்கள். ஒரு மாணவியின் கட்டுரை மட்டும் ஏழெட்டு வரிகளில் முடிந்திருந்தது. உள்ளேயிருந்து தாழிடக்கூடிய கதவோடு ஒரு குளியலறை வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அந்தத் தாளுக்கு எத்தனை புள்ளி இடுவது என்று தெரியாமல் நான் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். நம் நாவலாசிரியர் சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு "வீடற்றவன்" என்று பெயரிட்டார். வீடு இருந்தும் வீட்டின் நிறைவு இல்லாதவர்கள் எத்தனை பேர் என்பதை அந்தச் சிறுமியின் வரிகள் எனக்கு உணர்த்தின.

கூச்சத்தோடு நிற்பதன்று இக்குறை, உடல்நலத்தையும் தாக்கியது. மண்ணில் கலந்த மலத்திலிருந்து கொக்கிப்புழுவின் குஞ்சுகள் வெளிப்பட்டு, வெறுங்காலின் தோலைத் துளைத்துக்கொண்டு உடலுக்குள் செல்லும். குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். நாள்தோறும் வெறுங்காலோடு மலை ஏறி இறங்கிய மக்களை அது எவ்வளவு வாட்டியிருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ? 1916 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு முயற்சி தொடங்கிற்று. மருந்து கொடுத்தால் புழு வெளியேறியது. ஆனால் மலசலகூடம் இல்லாத இடங்களில் அதே மனிதரை அதே புழு மீண்டும் பற்றிக்கொண்டது. மருந்துப் புட்டிக்கு அருகே மலசலகூடமும் நின்றாலன்றி நோய் நீங்காது என்னும் பாடத்தை அந்நாளிலேயே நம் மலைகள் உலகுக்குக் கற்பித்தன.

காலம் மாறியது. 2023 இல், மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து இருநூறாண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்தோம். இந்திய உதவியோடு மலையகத்தில் 4,000 வீடுகள் கட்டும் திட்டம் உருவாயிற்று. 2017 மே 12 ஆம் நாள் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 550 சதுர அடி கொண்ட அவ்வீடுகளின் வரைபடத்திலேயே மலசலகூடத்துக்கு இடம் ஒதுக்கப்பட்டது. இருநூறாண்டுக் கதையில் இஃது ஒரு சிறு வரிதான், ஆயினும் பொன்வரி. இன்னும் லயங்களிலேயே வாழும் குடும்பங்கள் பல இருக்கின்றன என்பதையும் மறத்தலாகாது.

இனி அன்பரின் நிலவறைக்கு வருவோம்.

சமவெளி நகரங்களில் நிலவறை என்றால் நாற்புறமும் மண்ணுக்குள் புதைந்த அறை. தெருவில் ஓடும் கழிவுக்குழாய் பல இடங்களில் அவ்வறையின் தளத்தைவிட உயரத்தில் இருக்கும். ஆகவே அங்கே குளியலறை கட்டுவோர் கழிவுநீரை மேலேற்ற மின்பம்பு வைக்க வேண்டியிருக்கிறது. மின்சாரம் நின்றால் பம்பும் நிற்கும். நம் மலைநாட்டு நிலவறையோ வேறு இனம். அதற்கு மூன்று புறம் மண். ஒரு புறம் வானம். திறந்த பக்கத்தில் நீர் தானாகவே இறங்கிப்போகும். இந்த வகையில் இயற்கை நமக்கு இலவசமாகவே ஒரு பம்பைத் தந்திருக்கிறது. மேசன் பாஸ் சொன்னதன் உண்மை இதுதான்.

ஆனால் எந்த அறையில் கட்டுவது என்பதில் அன்பர் சற்றே மாற்றி எண்ணுவது நலம். விறகு கிடக்கும் இருட்டறை மலையின் பக்கமாக இருக்கிறது. அதன் பின்சுவர் வெறுஞ்சுவரன்று. தெருவையும் மலைமண்ணையும் தாங்கி நிற்கும் சுவர். மழைக்காலத்தில் மண்ணுக்குள் இறங்கும் நீர் அந்தச் சுவரை முதுகில் அழுத்திக்கொண்டே இருக்கும். சுவரில் நீர்வடி துளைகள் இருந்தால் நீர் கசிந்து அழுத்தம் குறையும். குளியலறை அழகாக இருக்க வேண்டுமென்று அந்தத் துளைகளைச் சீமெந்தால் அடைத்து, மேலே பளிங்கு ஓடு பதித்துவிட்டால், வெளியேற வழியின்றித் தேங்கும் நீர் சுவரையே தள்ளத் தொடங்கும். மேலும் அவ்வறைக்குச் சன்னல் இல்லை. அங்கிருந்து புறப்படும் கழிவுக்குழாய் தாயார் உறங்கும் அறையின் தளத்துக்கு அடியில் ஓடியே வெளியேற வேண்டும். அடைப்பு ஏற்பட்டால் அவருடைய கட்டிலை நகர்த்தித் தளத்தை உடைக்க நேரும்.

ஆகவே குளியலறையைப் பள்ளத்தைப் பார்த்த வெளிச்சமான பக்கத்தின் ஒரு மூலையில், தாயாரின் அறையிலிருந்து தடுத்து அமைப்பதே சிறந்தது. ஐந்தடிக்கு ஏழடி இடம் கிடைத்தாலும் போதும். வெளிச்சுவரில் சன்னல் வைக்கலாம்; குழாய் நேரே வெளியே போகும். இருட்டறை விறகுக்கே இருக்கட்டும். அங்கே சுவரின் துளைகள் திறந்தே இருக்கட்டும். அடியில் ஒரு சிறு கான் வெட்டி, கசியும் நீரை வெளியே நடத்திவிடுங்கள்.

இன்னோர் எச்சரிக்கை. கீழ்த்தட்டின் கூரை தாழ்வாக இருக்கிறதென்று தளத்தைத் தோண்டி ஆழப்படுத்தச் சிலர் முனைகிறார்கள். சுவர்களின் அத்திவாரம் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறதென்று அறியாமல் இதைச் செய்வது, அமர்ந்திருக்கும் கிளையை வெட்டுவதற்கு ஒப்பாகும். தலை இடிக்காத உயரம் இல்லையானால், பொறியியல் அறிந்த ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீணாகாது.

இப்போது நீரின் கதை. குழாயைத் திறந்தால் நீர் வருகிறது. அதை நாம் காண்கிறோம். போகும் நீரைக் காண்பதில்லை. மாணவச் செல்வங்கள் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வீட்டில் ஐந்து பேர். ஒருவர் ஒரு நாளில் குளிக்க 15 லீற்றர் வாளியால் மூன்று வாளி நீர் எடுத்தால், ஐவருக்கும் 225 லீற்றர். முப்பது நாளில் 6,750 லீற்றர். எடையில் சொன்னால் ஆறே முக்கால் தொன்! மழையில்லாத மாதத்திலும் ஒரு வீடு இத்தனை நீரை மலைச்சரிவில் இறக்குகிறது. முன்பு பீலியில் குளித்தபோது அந்த நீர் ஓடையோடு போயிற்று. இப்போது அது நம் வீட்டின் காலடியில் இறங்குகிறது. வழியின்றி மண்ணுக்குள் இறங்கினால் மண் கனக்கும், இளகும், ஒரு நாள் நகரவும் கூடும்.

எனவே குளித்த நீரையும் மலசலகூடக் கழிவையும் முதலிலேயே பிரித்துவிட வேண்டும். குளித்த நீரைக் கல்பாவிய கான் வழியாக, இயல்பான நீரோட்டம் உள்ள இடம்வரை நடத்தலாம். மலசலகூடக் கழிவு நாலங்குலக் குழாயில் சென்று செப்டிக் தொட்டியை அடைய வேண்டும். குழாய்க்கு நாற்பது அடிக்கு ஓர் அடி சரிவு இருந்தால் நன்கு ஓடும். நம் ஊரில் சரிவுக்குப் பஞ்சமில்லை. அளவுக்கு மிஞ்சிய சரிவே தொல்லை. செங்குத்தான இடங்களில் இடையிடையே மூடியுள்ள சிறு தொட்டிகளைக் கட்டி, படி இறங்குவதுபோல் குழாயை இறக்குவது முறை. அடைப்பு ஏற்பட்டால் அந்த மூடிகளைத் திறந்தே நீக்கிவிடலாம்.

துர்நாற்றம் வருமே என்று அஞ்சுவோர் உண்டு. அதற்கு மருந்து இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டறியப்பட்டுவிட்டது. 1775 இல் இலண்டனில் வாழ்ந்த அலெக்சாண்டர் கமிங் என்னும் கடிகாரத் தொழிலாளி, கொமட்டின் அடிக்குழாயைப் பாம்புபோல் வளைத்து, வளைவில் எப்போதும் சிறிது நீர் நிற்கும்படி செய்து அதற்குக் காப்புரிமை பெற்றார். இரண்டங்குல நீர் ஒரு கதவைப்போல் நின்று கெட்ட காற்றைத் தடுத்துவிடுகிறது. குளிக்கும் இடத்தின் நீர்ப்போக்கிலும் இத்தகைய வளைவு வேண்டும். பலர் கொமட்டுக்கு வைத்து இதற்கு வைக்க மறந்துவிடுகிறார்கள். பிறகு நாற்றம் எங்கிருந்து வருகிறதென்று வீடெல்லாம் தேடுகிறார்கள்.

செப்டிக் தொட்டியில் திண்மம் அடியில் தங்கி, காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்களால் சிதைகிறது. மேலே நிற்கும் நீர் உறிஞ்சு குழிக்குச் சென்று மண்ணில் ஊறுகிறது. தெளிந்ததுபோல் தோன்றினாலும் அது தூய நீரன்று; நோய்க்கிருமிகள் அதில் இருக்கும். ஆகவேதான் உறிஞ்சு குழி கிணற்றிலிருந்தோ ஊற்றிலிருந்தோ 50 அடியாவது தள்ளியிருக்க வேண்டும் என்கிறார்கள். சரிவில் இந்த ஐம்பதடியும் போதாமற் போகலாம். குழி மேலேயும் ஊற்று கீழேயும் இருந்தால் தொலைவு அதிகமாயினும் ஐயம் தீராது.

இதைப் பெரிதாகச் சொல்கிறேனோ என்று எண்ணுவோர் இலண்டன் நகரின் ஒரு வரலாற்றைக் கேளுங்கள். 1854 ஆகஸ்டு இறுதியில் சோஹோ என்னும் பகுதியில் வாந்திபேதி பரவி 600 க்கு மேற்பட்டோர் மாண்டனர். இறந்தோரின் வீடுகளைப் படத்தில் குறித்துப் பார்த்த வைத்தியர் ஜோன் ஸ்நோ, அவர்களுள் பெரும்பாலோர் பிராட் வீதியின் கைப்பம்பில் நீர் எடுத்தவர்கள் என்று கண்டார். ஆனால் பம்பின் கிணற்றுக்குள் நஞ்சு எப்படி வந்தது? அதைத் தேடிக் கண்டவர் ஹென்றி வைட்ஹெட் என்னும் பாதிரியார். அவ்வீதியின் 40 ஆம் இலக்க வீட்டில் ஒரு கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. தாய், குழந்தையின் துணிகளைக் கழுவிய நீரை நிலவறைக்கு முன்னாலிருந்த கழிவுக்குழியில் ஊற்றினாள். குழியின் செங்கற்கள் சிதைந்திருந்தன. கிணறோ மூன்றடிக்குள். அந்தத் தாய் செய்ததில் குற்றமென்ன? தன் வீட்டைத் தூய்மையாக வைத்தாள். அழுக்கு நீர் கண்ணைவிட்டு மறைந்ததும் கடமை முடிந்ததென்று எண்ணினாள். நாம் எல்லோரும் அப்படித்தான் எண்ணுகிறோம்.

அயல் வீட்டு அண்ணனின் கேள்வி இங்கேதான் நம் நெஞ்சைத் தொடுகிறது: "பள்ளத்துல நம்ம வீடு மட்டுமா இருக்கு?" இதையும் ஒரு கணக்கால் விளக்கலாம். 2015 முதல் தோட்டக் குடும்பங்களுக்கு 7 பேர்ச் காணி என்பது பேச்சாகவும் திட்டமாகவும் இருந்து வருகிறது. ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. ஏழு பேர்ச் ஏறத்தாழ 1,906 சதுர அடி. அந்தக் காணி சதுரமாக இருந்தால் ஒரு பக்கத்தின் நீளம் 44 அடிக்கும் குறைவு. ஐம்பதடி தள்ளிக் குழி வெட்டுங்கள் என்கிறது சுகாதார விதி. காணியின் நீளமே ஐம்பதடி இல்லை! எனவே என் குழிக்கும் என் கிணற்றுக்கும் உள்ள தூரத்தை மட்டும் நான் அளந்தாற் போதாது. என் குழிக்கும் அடுத்த வீட்டுக் கிணற்றுக்கும், அவருடைய குழிக்கும் என் ஊற்றுக்கும் உள்ள தூரத்தை இருவரும் சேர்ந்தே அளக்க வேண்டும். மலைநாட்டில் குளியலறை தனிவீட்டுச் சொத்தன்று; அயலாரோடு கலந்து செய்ய வேண்டிய காரியம். நான்கு வீட்டார் கூடி ஒரே இடத்தில் பெரிய தொட்டி அமைத்தால் செலவும் குறையும், சச்சரவும் குறையும்.

மண்சரிவைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலையில் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் லயங்களை மண் மூடிய துயரத்தை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையும் மலையகத்தில் பல சரிவுகளைச் சாய்த்தது. நுவரெலியா உள்ளிட்ட மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டட வேலை தொடங்குமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை பெறும் நடைமுறை உண்டு. உள்ளூராட்சி மன்றத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். காணி தோட்ட நிருவாகத்துக்கு உரியதாயின் அவர்களுடைய அனுமதியும் எழுத்தில் வேண்டும். வாய்ச்சொல் பின்னாளில் துணைக்கு வராது. சுவர் வயிறு தள்ளுதல், தளத்தில் புதிய வெடிப்பு, மரங்கள் சாய்தல், தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குதல் ஆகிய இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் குளியலறை எண்ணத்தை நிறுத்திவைத்து, முதலில் அதிகாரிகளுக்கு அறிவியுங்கள்.

இவையெல்லாம் சரியாக அமைந்தபின், அறையின் உள்ளே கவனிக்க வேண்டியவை சில.

நம் ஊர்க் குளிர் யாவரும் அறிந்ததே. ஆயிரம் மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ ஆறரைப் பாகை வெப்பம் குறையும் என்று மாணவர்கள் படித்திருப்பார்கள். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியா, கொழும்பைவிட ஏறக்குறைய பன்னிரண்டு பாகை குளிர்ந்திருப்பது இதனால்தான். அந்தக் குளிர்ந்த கற்சுவரில் வெந்நீரின் ஆவி பட்டதும் நீர்த்துளியாகிறது. நாளடைவில் பூஞ்சணம் கறுப்பாகப் படர்கிறது. மூச்சிழுப்பு நோயுள்ளவர்களுக்கு அது பகை. மேலே ஒரு காற்றுவழியும் கீழே கதவடியில் ஒரு சிறு இடைவெளியும் விட்டால், ஈரக்காற்று வெளியேறிச் சுவர் உலரும்.

குளிருக்கு அஞ்சிச் சன்னலை அடைத்து, கரிச்சட்டியை உள்ளே வைத்துக்கொண்டு குளிக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. தாய்மார்களே, இதை மட்டும் செய்யாதீர்கள். மூடிய அறையில் எரியும் கரியிலிருந்து எழும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கம் வருவதுபோல் வந்து உயிரைக் கொண்டுபோய்விடும். மின்சார ஹீட்டர் வைப்பவர்கள், தேர்ந்த மின்தொழிலாளியைக் கொண்டு நிலத்தொடுப்புக் கம்பியும், மின்கசிவு நேர்ந்தால் உடனே துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச்சும் பொருத்திய பின்னரே அதைத் தொடுங்கள்.

முதியோருக்காகக் கட்டும்போது மூன்று செய்திகளை மேசன் பாஸிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தளம் வழுவழுப்பாக இருத்தலாகாது. சொரசொரப்பான ஓடோ, கீறிவிட்ட சீமெந்தோ போதும். கொமட்டின் அருகிலும் குளிக்கும் இடத்திலும் கைப்பிடிக் கம்பிகள் சுவருக்குள் ஆழமாகப் பதிக்கப்பட வேண்டும். கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உள்நோக்கித் திறக்கும் கதவை அவருடைய உடலே தடுத்துவிடும். வெளியே நிற்பவர் தவிப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது. தாழ்ப்பாளும் அவசரத்தில் வெளியிலிருந்து திறக்கக்கூடியதாக இருக்கட்டும்.

செலவைப் பற்றி ஒரு சொல். பளிங்கு ஓட்டுக்கும் பளபளக்கும் குழாய்களுக்கும் பணத்தைச் செலவிட்டுவிட்டு, மண்ணுக்குள் மறையும் குழாயிலும் குழியிலும் சிக்கனம் பிடிப்பது நம்மிடையே காணும் வழக்கம். இதைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஓட்டை அடுத்த சித்திரைக்கும் பதிக்கலாம். மண்ணுக்குள் போவதை முதல் முறையிலேயே நன்றாகச் செய்துவிட வேண்டும்.

கொட்டகலை அன்பர் தம் தாயாருக்காக இந்த முயற்சியில் இறங்குகிறார். முதுமையில் பிறர் உதவியின்றித் தாமே நடந்துபோய்க் கைகால் கழுவி வருவது எத்தனை பெரிய விடுதலை என்பதை முதியோரே அறிவர். அந்த விடுதலையை அவர் தம் தாய்க்குத் தவறாமல் அளிக்கட்டும்.

வேலை தொடங்குமுன் அவரும், இவ்வாறு எண்ணியிருக்கும் பிறரும் ஒன்று செய்ய வேண்டுகிறேன். அடைமழை பெய்யும் ஒரு நாளில், குடையை எடுத்துக்கொண்டு வீட்டின் கீழ்ப்புறமாக நூறு அடி இறங்கிச் செல்லுங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். தெருக்கானின் நீர் எங்கே திரும்புகிறது, எந்த இடத்தில் தேங்குகிறது, யாருடைய ஊற்றின் அருகே போகிறது என்று பாருங்கள். பிள்ளைகள் அதை ஒரு தாளில் வரைந்து கொள்ளட்டும். கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, அந்தத் தாளை அவர்களிடமும் காட்டி, "இந்த இடத்தில் குழி வெட்டலாமா?" என்று கேளுங்கள். அவர்கள் தேநீர் தருவார்கள். தங்கள் கிணறு எங்கே இருக்கிறதென்றும் காட்டுவார்கள். மேசன் பாஸுக்கு அதன்பின் சொல்லி அனுப்பலாம்.